முழங்கால் ஜவ்வு கிழிந்தால் மீண்டும் விளையாட முடியுமா? வலி போன பிறகுதான் ஆபத்து அதிகம்... ஏன் தெரியுமா?

அல்லிநகரத்திலோ, தேனியைச் சுற்றியுள்ள எந்த ஊரிலோ கபடிப் போட்டி பார்த்தவர்களுக்கு இந்தக் காட்சி புதுசில்ல. ரெய்டு போன பையன் சட்டென்று திரும்புகிறான். யாரும் இடிக்கவில்லை, யாரும் தள்ளவும் இல்லை. கால் தரையில் நின்றுவிட, உடம்பு மட்டும் திரும்பிவிடுகிறது. முட்டிக்குள் 'டப்'புன்னு ஒரு சத்தம். அப்படியே முட்டியைப் பிடித்துக்கொண்டு விழுகிறான்.

"ஒண்ணுமில்லடா மாப்ள, சுளுக்குதான். நீவி விட்டா சரியாயிரும்" என்று நாலு பேர் தூக்கி ஓரமாக உட்கார வைக்கிறார்கள். ராத்திரிக்குள் முட்டி பந்து போல வீங்கிவிடுகிறது. ரெண்டு, மூணு வாரத்தில் வீக்கம் வடிகிறது. நடக்க முடிகிறது, பைக் ஓட்ட முடிகிறது. அடுத்த போட்டிக்குப் பெயரும் கொடுத்தாச்சு.

பிரச்சனையே அங்கதான் ஆரம்பிக்குது. வலி போவது வேறு, ஜவ்வு ஆறுவது வேறு. இந்த ஒரு விஷயம் தெரியாமல் முட்டியைக் கெடுத்துக்கொள்பவர்கள் ஏராளம். ஜவ்வு கிழிவது என்றால் என்ன, ஆபரேஷன் கட்டாயமா, எத்தனை மாதம் காத்திருக்க வேண்டும், நம்ம ஊரில் என்ன வழி இருக்கிறது? விரிவாகப் பார்க்கலாம்.

ஜவ்வு, ஜவ்வுங்கறாங்களே... அது எது?

தொடை எலும்பும் கீழ்க்கால் எலும்பும் சேரும் இடம்தான் முழங்கால். இந்த எலும்புகள் விலகாமல் கட்டிப்போடும் கயிறு மாதிரியான நார்களை மருத்துவர்கள் 'லிகமென்ட்' என்கிறார்கள். முழங்காலில் முக்கியமான லிகமென்ட்கள் நான்கு.

உள்பக்கம் ஒன்று, வெளிப்பக்கம் ஒன்று. இவை முட்டி பக்கவாட்டில் மடங்காமல் பார்த்துக்கொள்கின்றன. மூட்டுக்குள்ளே இரண்டு, பெருக்கல் குறி போல ஒன்றையொன்று குறுக்கே வெட்டிச் செல்கின்றன. அதில் முன்பக்கம் இருப்பது ஏசிஎல், பின்பக்கம் இருப்பது பிசிஎல்.

கீழ்க்கால் எலும்பு முன்னால் நழுவாமல் பிடித்து வைப்பது ஏசிஎல்-தான். ஓடும்போது சட்டென்று திரும்பினாலும் முட்டி முறுக்கிக்கொள்ளாமல் காப்பாற்றுவதும் அதுவே. விளையாட்டு வீரர்களை அதிகம் பயமுறுத்தும் காயமும் இதில்தான் வருகிறது.

இதோடு இன்னொரு பொருளும் உள்ளே இருக்கிறது. இரண்டு எலும்புக்கும் நடுவே, வாஷர் மாதிரி அதிர்ச்சியைத் தாங்கும் பிறை வடிவக் குருத்தெலும்பு. அதன் பெயர் மெனிஸ்கஸ். ஒரு முட்டிக்கு இரண்டு.

நம்ம ஊர்ப் பேச்சில் லிகமென்ட்டும் ஜவ்வுதான், மெனிஸ்கஸும் ஜவ்வுதான். அதனால் "ஜவ்வு கிழிஞ்சிருச்சு" என்று மருத்துவர் சொன்னால், "எந்த ஜவ்வு சார்? முழுசா கிழிஞ்சிருக்கா, பாதியா?" என்று கேட்டுவிடுங்கள். சிகிச்சையும், காத்திருக்க வேண்டிய காலமும் அந்தப் பதிலைப் பொறுத்தே மாறும்.

யாரும் இடிக்காமலே கிழியுமா?

கிழியும். சொல்லப்போனால் பெரும்பாலும் அப்படித்தான் கிழிகிறது. ஏசிஎல் காயங்களில் பத்தில் ஏழு, எதிராளி முட்டியில் மோதாமலே நடப்பவை.

மூன்று அசைவுகள் ஆபத்தானவை. வேகமாக ஓடி வந்து சட்டென்று நிற்பது. காலை ஊன்றியபடியே உடம்பைத் திருப்புவது. குதித்துவிட்டு முட்டியை மடக்காமல், விறைப்பாகத் தரையிறங்குவது. முட்டி உள்பக்கமாகச் சாயும்போது முழு உடம்பின் பாரமும் அந்தச் சின்ன நார் மேல் விழுகிறது.

கபடி, கால்பந்து, கூடைப்பந்து, வாலிபால், பேட்மிண்டன் எல்லாமே இந்த அசைவுகள் நிறைந்த ஆட்டங்கள். கபடியில் கூடுதலாக ஒன்று: ஒருத்தர் காலைப் பிடித்திருக்க, இன்னும் நாலு பேர் உடம்பைத் தள்ளுவார்கள். கால் மாட்டிக்கொண்ட நிலையில் உடம்பு திரும்பினால் முட்டி என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

பெண்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். ஒரே விளையாட்டை ஆடும் ஆண்களைவிடப் பெண்களுக்கு ஏசிஎல் கிழியும் வாய்ப்பு அதிகம் என்பது பல நாடுகளின் ஆய்வுகளில் உறுதியாகியுள்ளது. இடுப்பு, முட்டி அமைப்பு ஒரு காரணம். குதித்து இறங்கும் முறையும் தொடைத் தசைகளின் பலமும் இன்னொரு காரணம். முதலாவதை மாற்ற முடியாது. இரண்டாவதைப் பயிற்சியால் மாற்றலாம்.

விழுந்ததும் என்ன செய்யணும்?

முதலில் ஆட்டத்தை நிறுத்துங்கள். "கொஞ்சம் உதறிட்டு ஆடு" என்ற பேச்சே கூடாது. காலில் பாரம் போடாமல் இரண்டு பேர் தாங்கிப்பிடித்து வெளியே கொண்டுவர வேண்டும்.

ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றி 15 முதல் 20 நிமிடம் வையுங்கள். ஐஸை நேராகத் தோலில் வைக்கக் கூடாது. இரண்டு, மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடி வைக்கலாம். க்ரேப் பேண்டேஜை இறுக்காமல் சுற்றி, காலை உயரமாக வைத்துப் படுங்கள்.

செய்யவே கூடாதவை நான்கு. முதல் மூன்று நாட்களுக்குச் சூடு ஒத்தடம் வேண்டாம். எண்ணெய் போட்டு நீவ வேண்டாம். மது வேண்டாம். ஓடிப் பார்க்கவும் வேண்டாம். உள்ளே ரத்தம் கசியும் நேரத்தில் இவை எல்லாமே கசிவை அதிகப்படுத்தும்.

சுளுக்கு எடுக்கிறேன் என்று முட்டியைப் பிடித்துத் திருகுவதும், அழுத்தமாகக் கட்டுப் போடுவதும் இன்னும் மோசம். எலும்பில் விரிசல் இருந்தால் அது விலகிவிடலாம். கட்டு இறுக்கமாக இருந்தால் பாதத்துக்கு ரத்தம் போவதே தடைபடலாம்.

எப்போது உடனே ஆஸ்பத்திரிக்குப் போகணும்?

- முட்டி இடம் மாறியது போலத் தெரிந்தால்
- பாதம் சில்லென்று ஆனாலோ, மரத்துப்போனாலோ, நிறம் மாறினாலோ
- நான்கு அடிகூட எடுத்து வைக்க முடியாவிட்டால்
- முட்டி பாதியில் சிக்கி, நீட்டவோ மடக்கவோ முடியாமல் போனால்

முதல் இரண்டும் முட்டிக்குப் பின்னால் ஓடும் ரத்தக்குழாய் பாதிக்கப்பட்டதற்கான அறிகுறியாக இருக்கலாம். அப்படியானால் காலையே இழக்கும் ஆபத்து உண்டு. காலையில் பார்த்துக்கலாம் என்று விடாமல் 108-ஐ அழையுங்கள்.

சுளுக்கா, ஏசிஎல்-ஆ? எப்படித் தெரியும்?

மூன்று தகவல்கள் மருத்துவருக்கு ரொம்ப முக்கியம். விழும்போது உள்ளே சத்தம் கேட்டதா அல்லது ஏதோ அறுந்தது போல உணர்ந்தீர்களா? வீக்கம் எத்தனை மணி நேரத்தில் வந்தது? அதன்பிறகு நடக்கும்போது முட்டி 'கழண்டு போற மாதிரி' இருக்கிறதா?

சத்தம் கேட்டு, சில மணி நேரத்துக்குள் முட்டி வீங்கினால் உள்ளே ரத்தம் சேர்ந்திருக்க வாய்ப்பு அதிகம். ஏசிஎல் கிழிந்திருக்கலாம் என்ற சந்தேகம் அப்போதே வர வேண்டும். மறுநாள் மெதுவாக வரும் வீக்கம் பெரும்பாலும் வேறு காரணத்தால்.

அடுத்தது எக்ஸ்ரே. "எக்ஸ்ரேல ஒண்ணும் இல்லன்னுட்டாங்க, அதனால நல்லா இருக்கு" என்று நிறைய பேர் நிம்மதியாகிவிடுகிறார்கள். ஆனால் எக்ஸ்ரேயில் எலும்புதான் தெரியும், லிகமென்ட் தெரியாது. எலும்பு முறியவில்லை என்று உறுதி செய்யத்தான் அது.

எலும்பு மருத்துவர் முட்டியை லேசாக மடக்கி, கீழ்க்காலை முன்னால் இழுத்துப் பார்ப்பார். இதற்கு 'லாக்மன் பரிசோதனை' என்று பெயர். அடுத்த காலைவிட அதிகமாக நகர்ந்தால் ஏசிஎல் மீது சந்தேகம் பலப்படும். காயம்பட்ட அன்று வலியும் வீக்கமும் இருப்பதால் இந்தச் சோதனை சரியாக வராமல் போகலாம். அதனால் ஒன்றிரண்டு வாரம் கழித்து மறுபடி காட்டுவது அவசியம். எம்ஆர்ஐ ஸ்கேன் எடுத்தால் லிகமென்ட், மெனிஸ்கஸ் இரண்டின் நிலையும் தெரிந்துவிடும்.

கிழிஞ்சா எல்லாருக்கும் ஆபரேஷன்தானா?

இல்லை. முட்டியின் உள்பக்க லிகமென்ட் மட்டும் கிழிந்திருந்தால் பெரும்பாலும் பிரேஸ், பிசியோதெரபியிலேயே ஆறிவிடும். அங்கே ரத்த ஓட்டம் நன்றாக இருப்பதே காரணம்.

ஏசிஎல் கதை வேறு. அது மூட்டு நீருக்குள் இருக்கிறது. முழுசாக அறுந்தால் இரண்டு முனைகளும் தானாகச் சேர்ந்து பழைய பலத்துக்கு வருவது எளிதல்ல. ஆனாலும் அதற்காக எல்லோருக்கும் உடனே ஆபரேஷன் என்று அர்த்தமில்லை.

சுவீடனில் 121 இளம் வயதினரிடம் நடத்தி 2010-ல் வெளியான ஆய்வு இதில் முக்கியமானது. ஒரு பிரிவினருக்கு ஆரம்பத்திலேயே ஆபரேஷன். இன்னொரு பிரிவினருக்கு முதலில் பிசியோதெரபி, தேவைப்பட்டால் மட்டும் பிறகு ஆபரேஷன். இரண்டு வருடம் கழித்துப் பார்த்தபோது வலி, முட்டியின் செயல்பாடு ஆகியவற்றில் இரு பிரிவுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. இரண்டாவது பிரிவில் சுமார் 40 சதவீதம் பேர் அதற்குள் ஆபரேஷன் செய்துகொண்டார்கள், மற்றவர்களுக்குத் தேவைப்படவில்லை. உச்சகட்டத் தொழில்முறை வீரர்கள் இந்த ஆய்வில் இல்லை என்பதையும் மறக்கக் கூடாது.

பொதுவாக மருத்துவர்கள் பார்ப்பது இதைத்தான். கபடி, கால்பந்து போன்ற திரும்பி ஓடும் ஆட்டத்துக்குத் திரும்ப வேண்டுமா? சாதாரணமாக நடக்கும்போதே முட்டி கழன்று போகிறதா? மெனிஸ்கஸும் சேர்ந்து கிழிந்திருக்கிறதா? 'ஆமாம்' என்றால் ஆபரேஷன் பக்கம் சாய்வார்கள். நடை, சைக்கிள், நேராக ஓடுவது போதும் என்பவர்களுக்குப் பயிற்சியே போதுமானதாக இருக்கலாம்.

ஆனால் ஒரு விஷயத்தில் சமரசமே இல்லை. ஏசிஎல் இல்லாத முட்டியோடு, சிகிச்சையும் பயிற்சியும் இல்லாமல் மறுபடி களமிறங்கக் கூடாது. ஒவ்வொரு முறை முட்டி கழலும்போதும் மெனிஸ்கஸ் நசுங்கும், குருத்தெலும்பு தேயும். 20 வயதில் செய்த தப்புக்கு 40 வயதில் மூட்டுத் தேய்மானம் வந்து நிற்கும்.

ஆபரேஷனில் என்ன செய்வாங்க?

அறுந்த ஏசிஎல்-ஐத் தைத்து ஒட்டுவது பொதுவான வழக்கம் இல்லை. அதற்குப் பதில் புதிதாக ஒன்றைப் பொருத்துவார்கள். தொடையின் பின்பக்கத் தசையிலிருந்தோ, முட்டிச் சில்லுக்குக் கீழே இருந்தோ உங்கள் உடம்பிலிருந்தே ஒரு தசைநாரை எடுப்பார்கள். இதன் பெயர் 'கிராஃப்ட்'.

சின்னத் துளைகள் போட்டு, உள்ளே கேமரா விட்டு, எலும்பில் சுரங்கம் போல வழி செய்து, அந்தக் கிராஃப்டை நுழைத்து ஸ்க்ரூ அல்லது பட்டன் வைத்து இறுக்குவார்கள். இதுதான் ஆர்த்ரோஸ்கோப்பி முறை.

காயம்பட்ட மறுநாளே ஆபரேஷன் செய்யச் சொல்லி அவசரப்படுத்த வேண்டியதில்லை. வேறு சிக்கல் இல்லாவிட்டால், முதலில் வீக்கம் வடிந்து, முட்டி முழுசாக நீளும் அளவுக்குப் பயிற்சி செய்துவிட்டுப் போவது நல்லது. இறுகிப்போன முட்டியில் செய்தால் பிறகும் இறுக்கமாகவே நின்றுவிடும் ஆபத்து உண்டு.

நல்லா இருக்குன்னு தோணும்போதுதான் ஆபத்து... ஏன்?

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பீர்கள் என்றால், இந்தப் பகுதியை வையுங்கள்.

புதிதாக வைத்த கிராஃப்ட் முதல் நாளிலேயே லிகமென்ட் ஆகிவிடாது. வேறு இடத்திலிருந்து வெட்டி எடுத்ததால் அதற்கு ரத்த ஓட்டம் இருக்காது. அதிலுள்ள பழைய செல்கள் இறக்கும். பிறகு புது ரத்தக்குழாய்கள் உள்ளே வளரும். புது செல்கள் குடியேறி, நாரை மெல்ல மெல்லத் திருப்பிக் கட்டும். நாற்றங்காலில் பிடுங்கிய நாற்றை வயலில் நட்டதும் முதலில் வாடுமே, வேர் பிடித்த பிறகுதானே நிமிரும்? அதே கதைதான்.

இந்த வாட்டம் நடப்பது ஆபரேஷன் முடிந்து சுமார் ஒன்றரை மாதத்திலிருந்து மூன்று மாதம் வரை. அப்போது கிராஃப்ட் வைத்த அன்று இருந்ததைவிடப் பலவீனமாக இருக்கும். அதே காலத்தில்தான் வலி போயிருக்கும், வீக்கம் வடிந்திருக்கும், நடை நேராகியிருக்கும். "எனக்கு எல்லாம் சரியாயிருச்சு அண்ணே" என்று பையன் சொல்வதும் அப்போதுதான்.

கிராஃப்ட் ஓரளவு முதிர்ச்சி அடைய ஒரு வருடமோ அதற்கு மேலோ ஆகும். அதை எந்த மாத்திரையும், எந்த எண்ணெயும் வேகப்படுத்த முடியாது.

நார்வே, அமெரிக்க ஆய்வாளர்கள் 106 பேரைத் தொடர்ந்து கவனித்து 2016-ல் வெளியிட்ட முடிவு இதை எண்ணிக்கையில் காட்டுகிறது. ஆபரேஷனுக்குப் பிறகு 9 மாதம் வரை, விளையாட்டுக்குத் திரும்புவதை ஒவ்வொரு மாதம் தள்ளிப்போடும்போதும் மறுபடி முட்டி காயம்படும் வாய்ப்பு ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. 25 வயதுக்குக் கீழே உள்ளவர்கள் விளையாட்டுக்குத் திரும்பினால், கிட்டத்தட்ட நாலில் ஒருவருக்கு மறுபடி ஏசிஎல் கிழிகிறது என்கிறது இன்னொரு தொகுப்பாய்வு. அதே காலிலோ, நல்லா இருந்த அடுத்த காலிலோ!

மாதம் மாதமாக என்ன நடக்கும்?

இது பொதுவான கணக்கு. மெனிஸ்கஸும் தைத்திருந்தால் நாட்கள் மாறும். உங்கள் மருத்துவர் சொல்வதே இறுதி.

முதல் 2 வாரம்: வீக்கத்தைக் குறைப்பது, முட்டியை முழுசாக நீட்டுவது, தொடை முன்தசையை இறுக்கிப் பழகுவது. சுகமாக இருக்கிறது என்று முட்டிக்கு அடியில் தலையணை வைக்காதீர்கள். முட்டி மடங்கிய நிலையிலேயே இறுகிவிடும். வைப்பதானால் குதிகாலுக்கு அடியில் வையுங்கள்.

2 முதல் 6 வாரம்: ஊன்றுகோலை மெல்ல விட்டு நொண்டாமல் நடப்பது, முட்டியை மடக்கும் அளவைக் கூட்டுவது. சம்மணம் போடுவது, குத்தவைத்து உட்காருவது, இந்தியன் டாய்லெட் ஆகியவை மருத்துவர் அனுமதிக்கும் வரை வேண்டாம். வீட்டில் வெஸ்டர்ன் டாய்லெட் இல்லாவிட்டால் உயரமான கமோட் நாற்காலி வாங்கலாம்.

6 வாரம் முதல் 3 மாதம்: நின்ற இடத்து சைக்கிள், பாதி உட்கார்ந்து எழுதல், ஒற்றைக்காலில் நிற்கும் சமநிலைப் பயிற்சி. கிராஃப்ட் பலவீனமாக இருக்கும் காலம் இது. மைதானத்தை வேடிக்கை பார்க்கப் போகலாம், ஆடப் போகக் கூடாது.

3 முதல் 6 மாதம்: பிசியோதெரபிஸ்ட் சரி என்றால் நேர்கோட்டில் மெதுவான ஓட்டம். எடை தூக்கித் தொடைத் தசைகளைப் பலப்படுத்துவது.

6 முதல் 9 மாதம்: குதித்து இறங்குவது, திசை மாற்றி ஓடுவது. பிறகு அணியோடு பயிற்சி, ஆனால் மோதல் இல்லாமல்.

9 மாதத்துக்குப் பிறகு: சோதனைகளில் தேறினால் மட்டும் போட்டி. காலண்டர் மட்டும் போதாது.

ஆபரேஷன் செய்த காலின் தொடைத் தசை, அடுத்த காலின் பலத்தில் குறைந்தது 90 சதவீதம் இருக்க வேண்டும். ஒற்றைக்காலில் தாண்டும் தூரமும் அதே அளவு வர வேண்டும். அதோடு இறங்கும்போது முட்டி உள்ளே சாயக் கூடாது. இதையெல்லாம் பிசியோதெரபிஸ்ட் முன்னிலையில்தான் செய்து பார்க்க வேண்டும்.

இடையில் கெண்டைக்காலில் வலியோடு வீக்கம், மூச்சுத்திணறல், காய்ச்சல், தையல் போட்ட இடத்தில் சீழ், இதில் எது வந்தாலும் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். ரத்தக்கட்டி அல்லது தொற்றாக இருக்கலாம்.

பவன் ஷெராவத்துக்கு என்ன நடந்தது?

தமிழ் தலைவாஸ் ரசிகர்களுக்கு 2022 அக்டோபர் 8-ஆம் தேதி மறக்காது. புரோ கபடி லீக்கில் அதுவரை யாருக்கும் கிடைக்காத 2.26 கோடி ரூபாய்க்கு ஏலம் எடுக்கப்பட்ட பவன் ஷெராவத், பெங்களூருவில் தலைவாஸ் ஜெர்சியில் தன் முதல் ஆட்டத்தில் இறங்கினார். அதற்கு முந்தைய மூன்று சீசன்களிலும் அதிக ரெய்டு புள்ளி எடுத்தவர். குஜராத் ஜெயன்ட்ஸுக்கு எதிரான அந்த ஆட்டம் தொடங்கிய சிறிது நேரத்திலேயே, ரெய்டு வந்தவரைப் பிடிக்கப் போனபோது முட்டி மடங்கியது. ஸ்ட்ரெச்சரில் வெளியே போனவர், அந்த சீசன் முழுக்கத் திரும்பவில்லை.

கோடிகளில் வாங்கிய வீரர். நினைத்தால் ஊசி போட்டு, பட்டை கட்டி இறக்கியிருக்கலாமே? யாரும் அப்படிச் செய்யவில்லை. அவர் இல்லாமலே ஆடிய தலைவாஸ், வரலாற்றில் முதல் முறையாக அரையிறுதிக்குப் போனது.

பவன் மறுபடி பெரிய போட்டியில் இறங்கியது 2023 ஜூன் கடைசியில், தென்கொரியாவின் பூசானில் நடந்த ஆசிய கபடி சாம்பியன்ஷிப்பில். காயத்துக்கும் அதற்கும் இடையே ஏறத்தாழ 9 மாதம். இந்தியா கோப்பை வென்றது. 2023 அக்டோபர் 7-ல் ஹாங்சோ ஆசிய விளையாட்டுப் போட்டியில் ஈரானை வீழ்த்தி இந்தியா தங்கம் வென்றபோது கேப்டன் அவர்தான். காயம்பட்ட நாளிலிருந்து ஒரு வருடத்துக்கு ஒரு நாள்தான் குறைவு. அடுத்த ஏலத்தில் தெலுங்கு டைட்டன்ஸ் அவரை 2.605 கோடிக்கு எடுத்தது.

மல்யுத்த வீராங்கனை வினேஷ் போகத்துக்கு 2023 ஆகஸ்ட்டில் முட்டி ஆபரேஷன். மறு ஆகஸ்ட்டில் பாரிஸ் ஒலிம்பிக் இறுதிச்சுற்று வரை போனார். அங்கே அவரைத் தடுத்தது உடல் எடை, முட்டி அல்ல. கார் விபத்தில் முட்டி லிகமென்ட்கள் கிழிந்த ரிஷப் பண்ட், 2023 ஜனவரியில் ஆபரேஷன் செய்து, 2024 மார்ச்சில்தான் ஐபிஎல்லுக்குத் திரும்பினார். 14 மாதத்துக்கும் மேல்!

எல்லோரும் இப்படித் திரும்புவதில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். 2014-ல் வெளியான ஒரு பெரிய தொகுப்பாய்வின்படி, ஏசிஎல் ஆபரேஷன் செய்தவர்களில் சுமார் 81 சதவீதம் பேர் ஏதாவது ஒரு விளையாட்டுக்குத் திரும்பினர். பழைய நிலைக்கே திரும்பியவர்கள் 65 சதவீதம். போட்டி மட்டத்துக்குத் திரும்பியவர்கள் 55 சதவீதம். உடம்பு தேறியும் மனசில் பயம் போகாமல் நிற்பவர்கள் நிறைய. அதுவும் சிகிச்சையில் கவனிக்க வேண்டிய விஷயம்தான், கோழைத்தனம் அல்ல.

அவங்களுக்கு வசதி இருக்கு... நம்ம ஊர்ல?

நியாயமான கேள்வி. தேசிய வீரருக்குத் தினமும் பக்கத்தில் பிசியோதெரபிஸ்ட் இருப்பார். கம்பம் பள்ளத்தாக்கில் இருக்கும் பையனுக்கு? கம்பத்திலிருந்து தேனிக்கு வரவே 40 கிலோமீட்டர். வாரம் மூன்று முறை பஸ் ஏறி வருவதென்றால் பணம், கூலி, ஒரு ஆள் துணை எல்லாம் வேண்டும். ஆபரேஷன் வரைக்கும் கடன் வாங்கியாவது செய்துவிட்டு, பிசியோதெரபியில் விட்டுவிடும் குடும்பங்கள் அதனால்தான் அதிகம். ஆனால் பயிற்சி இல்லாத ஆபரேஷன் பாதிச் சிகிச்சைதான்.

தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை க.விலக்கில் இருக்கிறது. முதலில் அங்குள்ள எலும்பு சிகிச்சைப் பிரிவில் காட்டலாம். மேல்சிகிச்சை தேவைப்பட்டால் மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனை இருக்கிறது.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில், ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பங்கள் சேரலாம். குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை காப்பீடு. உங்களுக்குச் சொன்ன ஆபரேஷன் அதில் வருமா, ஸ்க்ரூ போன்ற பொருட்களுக்குத் தனியாகப் பணம் கட்ட வேண்டுமா என்பதை, அட்மிட் ஆகும் முன்பே மருத்துவமனையில் உள்ள காப்பீட்டுத் திட்ட கவுண்டரில் கேட்டுவிடுங்கள்.

அடிக்கடி வந்துபோக முடியாது என்றால், முதல் நாளே பிசியோதெரபிஸ்டிடம் அதைச் சொல்லுங்கள். வீட்டில் செய்ய வேண்டிய பயிற்சிகளைச் செய்து காட்டச் சொல்லி, உங்கள் போனில் வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு, மூன்று வாரத்துக்கு ஒருமுறை நேரில் காட்டி அடுத்த கட்டத்துக்குப் போகலாம். தொடைப் பயிற்சிக்கு ஜிம் கட்டாயமில்லை. படிக்கட்டு, நாற்காலி, மணல் நிரப்பிய பை போதும்.

ஏலக்காய்த் தோட்ட வேலைக்கு மலையேறுபவர்கள், வாழைத்தார் சுமப்பவர்கள், திராட்சைப் பந்தலில் வேலை செய்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். "நான் விளையாடப் போறதில்லையே" என்று நினைக்காதீர்கள். ஈரமான சரிவில் சுமையோடு இறங்குவது முட்டிக்குக் கபடியைவிடச் சுலபமான வேலை இல்லை. எப்போது வேலைக்குப் போகலாம் என்று கேட்கும்போது, என்ன வேலை, எப்படிப்பட்ட இடம் என்பதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

நீ கேப் போட்டால் போதுமா?

கடையில் வாங்கும் நீ கேப், முட்டிக்கு இதமாக இருக்கும், ஒரு தைரியம் தரும். அவ்வளவுதான். அறுந்த ஜவ்வின் வேலையை அது செய்யாது.

உண்மையில் காப்பாற்றுவது வார்ம்-அப். சுவீடனில் 4,500-க்கும் மேற்பட்ட இளம் கால்பந்து வீராங்கனைகளிடம் நடந்து 2012-ல் வெளியான ஆய்வில், வாரம் இரண்டு முறை வெறும் 15 நிமிடப் பயிற்சி செய்த அணிகளில் ஏசிஎல் காயம் 64 சதவீதம் குறைந்தது. எந்தக் கருவியும் இல்லாத எளிய பயிற்சிகள்தான்: ஒற்றைக்காலில் உட்கார்ந்து எழுதல், இடுப்பைத் தூக்குதல், பிளாங்க், முன்னால் கால் வைத்துத் தாழ்தல், குதித்து மெத்தென்று இறங்குதல்.

பள்ளி பிடி ஆசிரியர்களுக்கும் ஊர் அணியின் கோச்சுகளுக்கும் ஒரு வரி. பெரியகுளத்தில் கோடையில் நடக்கும் அகில இந்தியக் கூடைப்பந்துப் போட்டிக்குப் போனால், பெரிய அணிகள் ஆட்டத்துக்கு முன் எவ்வளவு நேரம் வார்ம்-அப் செய்கின்றன என்று பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். 'முட்டி பெருவிரலுக்கு நேரா இருக்கணும், உள்ளே சாயக் கூடாது, சத்தமில்லாம இறங்கணும்' என்ற மூன்று விஷயத்தைத் தினமும் சொன்னாலே பாதி வேலை முடிந்தது.

செலக்‌ஷன் வருதே... என்ன பண்றது?

கடைசியாக, அதிகம் பேர் கேட்கும் கேள்வி. காயம்பட்டு நாலு மாதம்தான் ஆகுது, அடுத்த மாசம் மாவட்ட அணி செலக்‌ஷன். இல்லாவிட்டால் போலீஸ் தேர்வின் ஓட்டம். விட்டால் ஒரு வருடம் போச்சு. என்ன செய்வது?

ஊரில் ஒரு பையனுக்கு விளையாட்டு என்பது வெறும் ஆசை மட்டும் இல்லை. கல்லூரி இடமும் அரசு வேலையும் அதில் மாட்டியிருக்கிறது. "காத்திரு" என்று வெளியிலிருந்து சொல்வது சுலபம் என்பதும் உண்மைதான்.

ஆனால் கணக்கைப் போட்டுப் பாருங்கள். காத்திருந்தால் போவது ஒரு செலக்‌ஷன். நாலாவது மாதத்தில் இறங்கி கிராஃப்ட் மறுபடி அறுந்தால், இரண்டாவது ஆபரேஷன், மறுபடி முதலிலிருந்து ஒன்பது மாதம், அதோடு முன்பைவிட மோசமான முட்டி. போவது இரண்டு, மூன்று செலக்‌ஷன். சில பேருக்கு எல்லா செலக்‌ஷனும்.

அதனால் வீட்டில் இருப்பவர்களும் கோச்சும் அந்தப் பையனிடம், அந்தப் பொண்ணிடம் "வலிக்குதா?" என்று கேட்பதை நிறுத்துங்கள். "எத்தனை மாசம் ஆச்சு? டெஸ்ட்ல பாஸ் ஆயிட்டியா?" என்று கேளுங்கள். இரண்டுக்கும் சரியான பதில் வந்தால் ஜெர்சியைக் கொடுங்கள். வராவிட்டால், இந்த சீசனுக்கு ஸ்கோர் போடும் வேலையைக் கொடுங்கள்.

(இது பொதுவான விழிப்புணர்வுக்கான தகவல். சிகிச்சை குறித்த முடிவுகளை உங்கள் மருத்துவரிடம் ஆலோசித்தே எடுக்கவும்.)